பெட்ரோமாக்ஸ்: அழுத்த விளக்கின் வரலாறும் அதைச் செப்பனிடும் முறையும்

திரி எண்ணெயை உறிஞ்ச, திரியின் நுனியில் எரியும் சுடரே வெளிச்சமாகவும் அமைவது, அகல் முதல் அரிக்கேன் லாந்தர் வரை எல்லா எண்ணெய் விளக்குகளுக்கும் பொதுவான அமைப்பு. தமிழ்நாட்டில் பெட்ரோமாக்ஸ் என்றும் கேஸ் லைட் என்றும் வழங்கிய அழுத்த விளக்கு இந்த மரபிலிருந்து அடியோடு விலகியது. அதன் அடித்தொட்டியில் கைப்பம்பால் காற்றை அடைக்க, அந்தக் காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளும். தள்ளப்பட்ட எண்ணெய் சூடேறிய குழாய் ஒன்றில் ஆவியாகி, வெளிக்காற்றோடு கலந்து எரிந்து, அந்த வெப்பத்தால் ஒரு சிறு வலைப்பையை வெண்ணிறமாக ஒளிரச் செய்யும். இதில் திரி கிடையாது; சுடரும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீலச் சுடர்தான். வெளிச்சத்தைத் தருவது மேன்டில் எனப்படும் அந்தப் பை மட்டுமே. இன்று பரணிலும் பழைய சாமான் கடையிலும் கிடந்து மீளும் இவ்விளக்குகளைச் செப்பனிட முற்படுவோரில் பலர், இவற்றைப் பித்தளைப் பாத்திரமாகவே கருதித் துலக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஒவ்வோர் உறுப்பும் என்ன காரணத்தால் அவ்வாறு அமைந்தது, தமிழ்நாட்டில் அது யார் யார் கைகளில் புழங்கியது என்பதை அறிந்த பின்னரே அதில் கை வைப்பது முறை.

திரிவிளக்கின் மஞ்சள் ஒளி, முழுவதும் எரியாத கரித்துகள்கள் சுடருக்குள் கனலாக ஒளிர்வதால் உண்டாவது. ஆகவே வெளிச்சம் கூடக்கூடப் புகையும் கூடும் என்பது அதன் தீராத குறை. எரிபொருளை முழுவதுமாக எரித்துவிட்டால் புகை நீங்கும், சூடு மிகும், ஆனால் வெளிச்சம் போய்விடும். எரிவதை ஒரு பொருளிடமும் ஒளிர்வதை வேறொரு பொருளிடமும் ஒப்படைத்து இந்த முரணைத் தீர்த்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் (1858–1929). ஹைடல்பர்க்கில் புன்சனிடம் பயின்ற அவர், அருமண் தனிமங்கள் எனப்படும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது கடினமான உலோகங்களை ஆராய்ந்தபோது, அவற்றின் உப்புக் கரைசலில் தோய்த்த நூலைச் சுடரில் எரித்தால் நூல் போனபின்னும் அதன் வடிவிலேயே ஒரு சாம்பல் எலும்புக்கூடு நிற்பதையும், அது பிரகாசமாக ஒளிர்வதையும் கண்டார். 1885இல் அவர் காப்புரிமை பெற்ற முதல் கலவை பச்சை சாயலான ஒளியைத் தந்ததோடு தொட்டால் உதிர்வதாகவும் இருந்ததால் வணிகத்தில் தோற்றது. 1891இல் அவர் கண்டடைந்த கலவை, 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்டது. தோரியம் ஆக்சைடு மட்டும் தனியே சூடேறினால் மங்கலாகவே ஒளிரும். அந்த ஒரு பங்கு சீரியம் சேர்ந்தால்தான் வெண்மை பிறக்கும். சீரியம் மிகுந்தாலோ ஒளி மீண்டும் குன்றும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் விற்ற மேன்டில்களில் பெரும்பாலானவை இந்த விகிதத்தை ஒட்டியே செய்யப்பட்டன என்பது அவருடைய சோதனையின் நுட்பத்துக்குச் சான்று.

தோரியத்துக்கு மூலம் மோனசைட் என்னும் கனிமணல். மேன்டில் தொழில் வளர்ந்த காலத்தில் அதற்கான மணல் பெரும்பாலும் பிரேசிலின் கடற்கரையிலிருந்தே ஐரோப்பாவுக்குச் சென்றது. விலையை முடிவு செய்யும் அதிகாரமும் அந்த வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர்களிடமே இருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்து, அந்த மணல் வந்த இடத்தைத் தேடிக்கொண்டு புறப்பட்டார். அவர் முதலில் ஆலை நிறுவிய இடம் மணவாளக்குறிச்சி. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அதன் கரைமணல், பிரேசில் மணலைக் காட்டிலும் தோரியம் செறிந்தது. அடுத்த ஆலை கொல்லத்துக்கு அருகே சவராவில் எழுந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஷோம்பெர்க் ஜெர்மன் உளவாளி என்று கைது செய்யப்பட, ஆலைகள் லண்டனில் தொடங்கிய ஒரு கனிம நிறுவனத்தின் கைக்கு மாறின. ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்கும் வீட்டு விளக்குகளுக்கும் வேண்டிய வெண்மை ஒரு தென்கோடி மீனவக் கரையிலிருந்து போயிற்று என்பது அக்கரையின் மக்களுக்கே அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விடுதலைக்குப் பின் அணு ஆற்றல் கருதி மோனசைட் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1955இல் டிராம்பேயில் தொடங்கிய தோரிய ஆலை, மேன்டில் தயாரிப்பாளர்களுக்கான தோரியம் நைட்ரேட்டை உள்நாட்டிலேயே ஆக்கித் தந்தது. அதன் பின்னர் ஆர்க்காட்டுத் தெருக்கூத்துக் களத்தில் எரிந்த விளக்கொன்றின் மேன்டில், மணவாளக்குறிச்சி மணலின் தோரியத்தைக் கொண்டிருந்திருக்கக்கூடும். மோனசைட்டிலிருந்து தோரியம் எடுத்தபின் எஞ்சிய சீரியக் கழிவை வீணாக்க விரும்பாத ஆவர், அதை இரும்போடு கலந்து 1903இல் தீப்பொறிக் கல்லாக்கிக் காப்புரிமை பெற்றார். சிகரெட் லைட்டரில் உரசும் கல் அதுதான்.

ஆவரின் மேன்டில் முதலில் ஏறியது நகரத்து நிலக்கரி வாயுக் குழாய்களில். குழாய் எட்டாத இடத்துக்கு அந்த வெண்ணொளியைக் கொண்டுசெல்ல, எண்ணெயை விளக்குக்குள்ளேயே வாயுவாக்க வேண்டியிருந்தது. ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் கிட்சன் கலங்கரை விளக்கங்களுக்காக அழுத்தமேற்றிய எண்ணெயை ஆவியாக்கி மேன்டிலை எரிக்கும் முறையை உருவாக்கினார். சுவீடனில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் பிரைமஸ் அடுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டு வீடுகளில் பம்ப் ஸ்டவ் என்று அறியப்பட்டது அதன் வழிவந்ததே. இந்த இரு ஓடைகளும் கூடுமிடத்தில்தான் பெர்லினின் எர்ரிஷ் அண்ட் கிரேட்ஸ் நிறுவனத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1866 முதல் விளக்குச் சாமான்கள் செய்துவந்த அந்தத் தொழிலகத்தை நடத்திய மாக்ஸ் கிரேட்ஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் மண்ணெண்ணெயில் எரியும் கைவிளக்கை உருவாக்கினார். பெட்ரோலியத்தோடு அவருடைய பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் அமைந்தது. அமெரிக்காவின் கோல்மேன், இங்கிலாந்தின் டில்லி, சுவீடனின் ஆப்டிமஸ் எனப் போட்டியாளர் பலர் இருந்தும், தமிழில் எந்த நிறுவனத்து விளக்கானாலும் பெட்ரோமாக்ஸ் என்றே ஆயிற்று. சீனத்தில் செய்த கடல் நங்கூரச் சின்ன விளக்கும் வண்ணத்துப்பூச்சிச் சின்ன விளக்கும்கூட அப்பெயராலேயே விற்றன.

இவ்விளக்கு வருவதற்கு முன் தமிழ் ஊர்களின் இரவு விழாக்களுக்கு ஒளி தந்தவை தீவட்டிகள். கம்பில் துணியைச் சுற்றி, எண்ணெயை விட்டுவிட்டு ஊற்றி எரிக்கும் பந்தங்களுக்கு ஆளும் எண்ணெயும் இரவு முழுதும் தேவைப்பட்டன. மண்ணெண்ணெய் தகர டின்களில் ஊர்தோறும் வந்தபின் சிம்னி விளக்கும் அரிக்கேன் லாந்தரும் வீட்டு வெளிச்சத்தை மாற்றினவே அன்றிப் பொதுவெளியின் இருளை அவற்றால் அசைக்க முடியவில்லை. அழுத்த விளக்குத்தான் அதைச் செய்தது. அதன் பெரிய வகை 500 மெழுகுவர்த்தி ஒளி தரும் என்று விளம்பரமானது. நடைமுறையில் அந்த அளவை எட்டியிருக்காது என்றாலும், ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8 மணிநேரம் ஒரு முற்றத்தையே பகலாக்கும் பொருள் அன்று வேறெதுவும் இல்லை. கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு, இரவுச் சந்தை, கூத்து, பொதுக்கூட்டம், துக்க வீடு ஆகிய எல்லாவற்றிலும் அது இடம் பெற்றது. கூத்துக்கு அது செய்த மாற்றம் தனியே ஆராயத் தக்கது. தீவட்டியின் ஆடும் செவ்வொளியில் பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் நின்ற வேடக்காரரின் முகம், கிரீடத்திலும் மார்புப் பதக்கத்திலும் பதித்த கண்ணாடிச் சில்லுகளோடு, அசையாத வெள்ளை ஒளியில் முழுவதும் வெளிப்பட்டது. அரிதாரத்தின் நிறங்கள் பளிச்சென்று தெரிந்தன என்பது ஆதாயம். பந்தத்தின் நிழலாட்டம் தந்த அச்சம் குறைந்துபோனது இழப்பு.

விளக்கு விலை கூடியது. ஆண்டில் சில இரவுகளுக்கே தேவைப்பட்டது. எனவே அது பெரும்பாலும் வாடகைப் பொருளாகவே வாழ்ந்தது. சைக்கிளையும் விளக்கையும் ஒரே கடை வாடகைக்கு விட்டது தற்செயல் அன்று: இரண்டிலும் பம்ப், வால்வு, வாஷர், காற்று என்பவையே அடிப்படை, ஒன்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கை மற்றதையும் பார்த்தது. விளக்கோடு ஆளும் போவதுண்டு. மேன்டில் கட்டுவது, ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றுவது, ஒளி தளரும்போது மீண்டும் காற்றடிப்பது, ஊர்வலம் முடிந்ததும் மேன்டில் உதிராமல் மெல்ல எடுத்துவருவது எல்லாம் அவர் பொறுப்பு. தலையில் சும்மாடு வைத்து விளக்கைச் சுமந்து ஊர்வலத்தின் இருமருங்கிலும் நடந்தவர்கள், ஊர்க் கூலியாட்களிலும் ஏழ்மையானவர்கள். வெளிச்சம் முழுவதும் மாப்பிள்ளை மீது விழ, சூடும் எண்ணெய் வாடையும் ஈசல் கூட்டமும் அவர்களுக்கு எஞ்சின. 1984இல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி நடத்தும் சைக்கிள் கடைக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்குக் கேட்டு ஆள் வருவதும், செந்தில் மேன்டிலைத் தொட்டு நொறுக்குவதும் நகைச்சுவையாக நிலைத்தன. அந்தச் சிரிப்பு புரிவதற்கு, எரிந்த மேன்டில் விரல் பட்டாலே பொடியாகும் என்பது பார்வையாளர் அனைவருக்கும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அன்று தெரிந்திருந்தது.

பைக்காரா நீர்மின் திட்டம் 1932இலும் மேட்டூர் 1937இலும் மின்சாரம் தரத் தொடங்கினாலும், கிராமங்களுக்குக் கம்பி போய்ச் சேர விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. கம்பி போன பின்னும் ஊர்வலத்துக்குக் கம்பி உடன் வராது என்பதால் பெட்ரோமாக்ஸ் நீடித்தது. அதை முடிவாக வெளியேற்றியவை ஜெனரேட்டரும் குழல்விளக்கு வரிசையும் அவற்றை வாடகைக்குத் தந்த சவுண்ட் சர்வீஸ் கடைகளும்தாம். யாழ்ப்பாணத்தில் அதன் முடிவு வேறு காரணத்தால் வந்தது. 1990இல் இலங்கை உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு வடக்குக்கு மின்சாரமும் நின்று மண்ணெண்ணெயும் அரிதானபோது, மின்சாரம் இல்லாத காலத்தில் கைகொடுக்க வேண்டிய விளக்கே எண்ணெயின்றி ஒதுக்கப்பட்டது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் ஒரு நூல்திரியும் இட்ட விளக்கில்தான் ஒரு தலைமுறை படித்தது.

ஆக, இன்று கையில் கிடைக்கும் ஒரு பழைய விளக்கு, கடையில் வாங்கிய நாளில் இருந்த விளக்கு அன்று. பெர்லினில் செய்த தொட்டிமேல் வேறு நிறுவனத்துக் குல்லா இருக்கலாம். ஆவிக்குழாய் பின்னாளில் உள்ளூரில் கடைந்ததாக இருக்கலாம். தொட்டியின் அடியில் ஈயப் பற்று ஒன்று இருக்கலாம்; பக்கத்தில் வாடகைக் கடையின் பெயர் பெயின்டில் எழுதியோ உளியால் வெட்டியோ இருக்கலாம். செப்பனிடுவோரின் முதல் வேலை இவற்றைப் பார்த்துப் படமெடுத்துக் குறித்துக்கொள்வதே. அதன்பின் பழைய எண்ணெயை வடித்து, உறுப்புகளைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைக்க வேண்டும். பல ஆண்டு அசையாத திருகுகள் இறுகியிருக்கும். அவற்றின்மேல் துரு இளக்கும் எண்ணெயை இட்டு ஓரிரவு விட்டு, பொருந்தும் சாவியால் மட்டுமே திருப்ப வேண்டும். பித்தளை மென்மையானது, பிளையரால் ஒருமுறை பிடித்தாலும் ஆவி வெளிப்படும் நிப்பிளின் முகப்பு உருண்டுபோகும். தொட்டியின் இணைப்புகள் ஈயத்தால் பற்றியவை ஆதலால் தொட்டிக்கு நேரே நெருப்புக் காட்டுவது கூடாது. உள்ளே எண்ணெய் ஆவி எஞ்சியிருக்கலாம் என்பதும் அதைவிடப் பெரிய காரணம்.

தொட்டிக்குள் காய்ந்து வார்னிஷாகப் படிந்த பழைய எண்ணெயை, புதிய மண்ணெண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட்டுக் குலுக்கினாலே பெரும்பகுதி கரைந்துவிடும். வெளிப்புறத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. தமிழ் வீடுகளில் பித்தளைக்குப் புளியும் செங்கல் பொடியும் இட்டுத் தேய்க்கும் பழக்கம் பழையது. புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைப்பதால் பாத்திரத்துக்கு அது ஏற்றதே. ஆனால் நல்ல பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வெறும் பித்தளையல்ல. அவற்றின்மேல் மிக மெல்லிய நிக்கல் பூச்சு உண்டு. செங்கல் பொடி ஒரே தேய்ப்பில் அந்தப் பூச்சைக் கொண்டுபோய்விடும். பிறகு மஞ்சளாக மின்னுவதைப் பார்த்து மகிழ்வோர், விளக்கின் மூலத் தோற்றத்தை அழித்ததை அறிவதில்லை. அமிலத்தில் நெடுநேரம் ஊறவைத்தால் பித்தளையில் உள்ள துத்தநாகம் முதலில் கரைந்து, மேற்பரப்பில் செம்பு மட்டும் எஞ்சி, இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தோன்றும். அது அழுக்கு அன்று, உலோகமே நலிந்ததன் அடையாளம். சோப்பு நீர், மென்மையான துணி, பல் விளக்கும் பழைய பிரஷ் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நிக்கல் பூசிய விளக்குக்குப் பெரும்பாலும் போதும்.

அமோனியா கலந்த மெருகுத் திரவங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கைக்கு இந்திய மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. பருவ வெடிப்பு என்று பெயர் பெற்ற இந்தப் புதிருக்கு 1921இல் விளக்கம் கிடைத்தது: தகட்டை அச்சில் இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது; குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரத்தோடு சேர்ந்து, அந்த இறுக்கம் உள்ள இடங்களை அரித்துப் பிளக்கிறது. விளக்கின் தொட்டியும் அவ்வாறே அச்சில் இழுத்த பித்தளை. அதோடு காற்றழுத்தத்தையும் தாங்க வேண்டியது. நூலிழை போன்ற வெடிப்பு ஒன்று அதன் விளிம்பில் தென்பட்டால், ஈயப் பற்று வைத்து ஏற்றிவிடலாம் என்று எண்ணாமல், அந்த விளக்கைக் காட்சிப் பொருளாக நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

பம்பின் உள்ளே இருப்பது கிண்ணம்போல் மடித்த தோல் வாஷர். காய்ந்து சுருங்கிய தோல் காற்றைத் தள்ளாது. விளக்கெண்ணெயிலோ மெஷின் எண்ணெயிலோ ஊறவைத்து, ஓரங்களை விரலால் மெல்ல விரித்தால் பல ஆண்டுப் பழைய தோலும் மீண்டும் வேலைக்கு வரும். பம்பின் அடியில் காற்றை உள்ளே விட்டுத் திரும்ப விடாத ஒருவழி வால்வு உண்டு. காற்றடித்தபின் கைப்பிடி தானாக மேலே எழுந்தாலோ, பம்புக் குழலுக்குள் எண்ணெய் ஏறியிருந்தாலோ குற்றம் அந்த வால்வில் என்று கொள்ளலாம். பல இணைப்புகளில் ஈய வளையம் வாஷராக இடப்பட்டிருக்கும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை அடைக்காது என்பதால் கழற்றும்போதெல்லாம் மாற்ற வேண்டும். எல்லாம் பூட்டியபின் எண்ணெய் ஊற்றாமல் காற்றை மட்டும் அடைத்து, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது, சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்த கடைக்காரர்களின் அதே சோதனைதான்.

விளக்கின் உயிர்நிலை ஆவிக்குழாய். எண்ணெய் ஆவியாகும் போதெல்லாம் சிறிது கரி குழாய்க்குள் தங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அது கெட்டியாகி வழியை அடைக்கிறது. குழாயைத் தனியே கழற்றி, உள்ளிருக்கும் ஊசிக்கம்பியை உருவிவிட்டு, கருஞ்சிவப்பாகச் சூடேற்றித் தட்டினால் கரி உதிரும். பழைய பழுதுக்காரர்கள் கரியடுப்பில் செய்த வேலை இது. குழாயின் உச்சியில் இருக்கும் நிப்பிளில் மயிரிழை அளவான துளை ஒன்று உண்டு. பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பினால் ஊசி எழும்பி அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்யும் அமைப்பு பெட்ரோமாக்ஸின் சிறப்பு. அது இல்லாத விளக்குகளுக்குக் கையால் பின் குத்த வேண்டும். பின் குத்தியே துளை பெரிதாகிவிட்டால் ஆவி அளவுக்கு மீறிப் பாயும். சுடர் மஞ்சளாகி, மேன்டில் கரி பூசி, புகை கக்கும். அப்போது நிப்பிளை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நிப்பிளுக்கும் மேலே உள்ள கலவைக் குழலின் வாய்க்கும் நடுவே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். உள்ளே போகும் காற்றின் அளவை அந்த இடைவெளியே வரையறுக்கிறது. வெளிச்சம் சரியில்லை என்று மேன்டிலையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்கத் தவறியவர்கள்.

மேன்டில் விற்பனைக்கு வரும்போது வெறும் துணிப்பை. பருத்தி அல்லது செயற்கைப் பட்டு நூலால் பின்னி, தோரியம், சீரியம் நைட்ரேட் கரைசலில் தோய்த்து உலர்த்தியது. பீங்கான் மூக்கில் அதைக் கட்டி முதன்முறை எரிக்கும்போது நூல் எரிந்து, பை சுருங்கி உருண்டு, ஆக்சைடுக் கூடாகிறது. தோரியம் கதிரியக்கம் உடையது என்பது 1898 முதலே அறிவியலுக்குத் தெரியும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். வெளியிலிருந்து அது தோலைக் கடந்து தீங்கு செய்வது மிகக் குறைவு. ஆனால் மேன்டில் தூள் மூச்சோடு உள்ளே போவது தவிர்க்க வேண்டியது. முதல் எரிப்பின் புகையோடு தோரியத்தின் சிதைவில் பிறந்த பொருள்கள் வெளிப்படுவதால், அந்த எரிப்பைத் திறந்த வெளியில் செய்வது நல்லது. பழைய விளக்கைக் கழற்றும்போது உள்ளே கிடக்கும் வெண்சாம்பலை வாயால் ஊதுவது பலருக்கும் கைவந்த வழக்கம். ஊதாமல், ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, கையைக் கழுவுவது போதுமான காப்பு. இப்போது பல நிறுவனங்கள் தோரியத்துக்குப் பதில் கதிரியக்கமற்ற யிட்ரியம் கொண்ட மேன்டில்களைச் செய்கின்றன. அவற்றின் ஒளி சற்றுக் குறைவு என்போர் உண்டு, எனினும் வீட்டில் எரிக்க அவையே தகுந்தவை. மேன்டிலில் சிறு ஓட்டை விழுந்தாலும் அதன் வழியே சுடர் நேராகக் கண்ணாடியைத் தாக்கி அதை வெடிக்கச் செய்யும். வெப்பம் தாங்கும் பழைய ஜெர்மன் கண்ணாடி இன்று கிடைப்பது அரிது. மேன்டிலின் விலையைப் பார்த்து அதை இழப்பது பொருந்தாக் கணக்கு.

ஏற்றும் முறையிலும் விலகல் ஆகாது. மண்ணெண்ணெய் தவிர வேறெதையும், குறிப்பாகப் பெட்ரோலை, ஊற்றக் கூடாது. தொட்டியை முழுதும் நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட வேண்டும். கிண்ணத்தில் ஊற்றிய ஸ்பிரிட் எரிந்து முடியும் தறுவாயில், ஆவிக்குழாய் நன்கு சூடேறியபின் தான் எண்ணெயைத் திறந்துவிட வேண்டும். அவசரப்பட்டால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீறிட்டுத் தீப்பிழம்பு எழும். அணைக்க ஊத வேண்டியதில்லை; மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கி விளக்கு தானே அடங்கும். சூடு ஆறும்வரை எண்ணெய் ஊற்றக் கூடாது. மூடிய அறையில் எரிக்கவும் கூடாது.

செப்பனிடுவோரிடையே இருவகை நோக்கு உண்டு. ஆலையிலிருந்து வந்த நாளின் தோற்றத்தை மீட்க வேண்டும் என்று பூச்சை உரித்துப் புதிதாக நிக்கல் ஏற்றுவோர் ஒரு சாரார்; தொடாமல் அப்படியே வைப்போர் மற்றொரு சாரார். ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் முதல் வகைக்குச் செல்வாக்கு மிகுதி. அங்கே விளக்கின் மதிப்பு அதன் மாதிரி எண்ணிலும் ஆண்டிலும் இருக்கிறது. தமிழ்நாட்டு விளக்கின் மதிப்பு அதன் பழுதுகளில் இருக்கிறது. பெர்லின் தொழிலகத்தின் பட்டியல்களும் விளம்பரங்களும் அச்சில் உள்ளன; அந்த விளக்கை ஐம்பது ஆண்டு ஊர் ஊராகத் தூக்கி எரித்த வாடகைக் கடைகளுக்கு ஏடும் கணக்கும் பெரும்பாலும் மிஞ்சவில்லை. ஈயப் பற்று, மாற்றிய குல்லா, மங்கிய பெயின்ட் எழுத்து ஆகியவை அவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள். வாஷரும் மேன்டிலும் தேய்ந்து தீர்வதற்கென்றே செய்தவை, அவற்றை மாற்றலாம். மாற்றிய பழைய உறுப்பை உறையிலிட்டு விளக்கோடு வைக்கலாம். மற்றவற்றை விளக்கு எரிவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே தொட வேண்டும். பழைய விளக்கு கைக்கு வந்தவர்கள், அது எந்த ஊர்க் கடையில் இருந்தது, எந்த விழாக்களுக்குப் போனது, யார் அதைப் பழுது பார்த்தார் என்பதைத் தெரிந்த முதியவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகு திருகுகளைக் கழற்றத் தொடங்குவார்களாக.